பதினேழு வயசுப் பையனுக்கு ரேங்க் போடுறது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கடிதத்துல முக்காவாசி ஐஸ் ஹாக்கி டிராஃப்ட் பத்தித்தான், அதுலயும் ஜூனியர் பசங்களுக்கு ரேங்க் போடுற விஷயம் பத்தித்தான். அதனால வேற எதையும் கலக்காம இந்த இதழ் முழுக்க அதையே எடுத்துக்கிட்டேன். புதுசா படிக்கிறவங்களுக்கு ரெண்டே வரி: வட அமெரிக்காவோட பெரிய ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல்-ல இருக்குற 32 டீமும் கோடை ஆரம்பத்துல, பதினெட்டு வயசை ஒட்டி இருக்குற பசங்கள்ல யாரோட உரிமை யாருக்குன்னு வரிசையா எடுத்துக்குறாங்க. 7 ரவுண்டு, மொத்தம் 220 பேருக்கு மேல. இனி கேள்விகளுக்குப் போயிடலாம்.

கேள்வி: என் அக்கா பையன் பேரு சென்ட்ரல் ஸ்கவுட்டிங் லிஸ்ட்ல 40-வது இடத்துல வந்திருக்கு. அப்ப ரெண்டாவது ரவுண்டுல போயிடுவான்னு வீட்டுல எல்லாரும் சொல்றாங்க, நம்பலாமா? – ஒரு மாமா

முதல்ல பையனுக்கு வாழ்த்துச் சொல்லுங்க, அந்த லிஸ்ட்ல பேர் வர்றதே பெரிய விஷயம். ஆனா 40-ன்னா 40-வது பிக் (டிராஃப்ட்ல 40-வதா எடுக்குற ஆள்) கிடையாது. சென்ட்ரல் ஸ்கவுட்டிங்ங்கிறது 1975-ல இளம் ஆட்டக்காரங்களை எடை போட லீக்கே ஆரம்பிச்ச ஆபீஸ், அவங்க ஒரே லிஸ்ட் போடுறதில்ல, நாலு லிஸ்ட் போடுறாங்க. வட அமெரிக்காவுல ஆடுற ஸ்கேட்டர்ஸுக்கு ஒண்ணு, மத்த நாடுகள்ல ஆடுறவங்களுக்கு ஒண்ணு, கோல் காக்குற கோலிகளுக்கு அதே மாதிரி ரெண்டு. வட அமெரிக்க லிஸ்ட்ல 40-வது ஆளா இருந்தா, நடுவுல ஸ்வீடன் ஃபின்லாந்து செக் பசங்க எத்தனை பேரு, கோலி எத்தனை பேருன்னு சேர்த்துப் பாத்தா அவன் மூணாவது ரவுண்டுக்குக்கூட தள்ளிப் போகலாம்.

இன்னொன்னு, எந்த டீமும் இந்த லிஸ்ட்டை வச்சு பிக் பண்றதில்ல. ஒவ்வொரு டீமுக்கும் தனி ஸ்கவுட்டுங்க (ஊர் ஊராப் போயி பசங்களைப் பாத்து எடை போடுறவங்க), தனி லிஸ்ட், அதை வெளிய விடவே மாட்டாங்க. 2022-ஐ எடுத்துக்கோங்க. சென்ட்ரல் ஸ்கவுட்டிங் வட அமெரிக்க லிஸ்ட்ல முதல் ஆள் ஷேன் ரைட், ரெண்டு வருஷமா எல்லாரும் அவர்தான் நம்பர் ஒன்னுன்னு எழுதிக்கிட்டே இருந்தாங்க, ஆனா மான்ட்ரியல் டீம் சொந்த ஊர் அரங்குலயே ஸ்லொவாக்கியாவோட யுராய் ஸ்லாஃப்கோவ்ஸ்கியை எடுத்துட்டாங்க, ரைட் நாலாவதா சியாட்டிலுக்குப் போனார். அந்த ராத்திரி கேமரா அந்தப் பையன் முகத்தை விட்டு நகரவே இல்ல, எனக்கு அது பிடிக்கல. ரைட் மேல ஒரு தப்பும் கிடையாது, நடுவுல கோவிட் வந்து அவர் ஆடின ஜூனியர் லீக்கான ஓ.எச்.எல் ஒரு சீசனையே நடத்தல, வளர வேண்டிய வயசுல ஒரு வருஷ லீக் ஆட்டம் போச்சு.

வெளிய கிடைக்கிற லிஸ்ட்ல நிஜத்துக்கு ரொம்ப கிட்ட வர்றதுன்னு நான் மதிக்கிறது கனடா விளையாட்டுச் சேனல் டி.எஸ்.என்-ல பாப் மெக்கென்ஸி போட்டுக்கிட்டு வந்த லிஸ்ட். அவர் தன் சொந்த அபிப்ராயத்தை எழுதாம, டீம்ல வேலை பாக்குற ஸ்கவுட்டுங்க பத்துப் பேரைக் கேட்டுத் தொகுப்பார். யாரு நல்லா ஆடுறான்னு சொல்ற லிஸ்ட்டும் யாரை எப்ப எடுப்பாங்கன்னு சொல்ற லிஸ்ட்டும் வேற வேற, படிக்கும்போது எது எதுன்னு பிரிச்சுப் படிங்க.

கேள்வி: பையன் நவம்பர்ல பொறந்தவன். கோச் எப்பவும் "சின்னவன், சின்னவன்"னு பின்னாடி தள்ளுறார். டிராஃப்ட்டுக்கு இது பாதிப்பா? – ஒரு அம்மா

அம்மா, இந்தக் கேள்விக்கு நான் கொஞ்சம் நீளமா பதில் சொல்லணும், ஏன்னா ரேங்கிங்ல நெறைய பேரு சறுக்குறது இங்கதான்.

ரெண்டு தேதி இருக்கு. கனடாவுல சின்னப் பசங்க ஹாக்கியில வயசுக் குரூப் ஜனவரி 1-ல இருந்து தொடங்குது. அதனால ஜனவரிப் பையனும் நவம்பர்ப் பையனும் ஒரே குரூப், ஆனா பத்து மாசம் வித்தியாசம், பத்து வயசுல பத்து மாசம்னா ஒரு சாண் உயரம்கூட வித்தியாசம் வரலாம். பெரியவனா தெரியிறவனுக்கு நல்ல டீம், நல்ல கோச், நெறைய ஐஸ் டைம், அப்படியே அவன் ஏறிக்கிட்டே போவான். டிராஃப்ட் ஆனவங்க பொறந்த மாசத்தை வச்சு 2013-ல வந்த ஒரு ஆய்வு இதை நல்லாக் காட்டுச்சு. கனடாக்காரங்கள்ல மூணுல ஒரு பங்குக்கு மேல ஜனவரி, பிப்ரவரி, மார்ச்ல பொறந்தவங்க. அதைவிட முக்கியம் என்னன்னா, ரெண்டாம் பாதியில பொறந்தவங்க கொறச்சலா எடுக்கப்பட்டாலும் எடுத்த இடத்தை வச்சு எதிர்பார்த்ததைவிட நல்லா ஆடியிருக்காங்க. டீமுங்க அந்தப் பசங்களைக் கொறச்சு மதிச்சிருக்காங்கன்னுதான அர்த்தம்?

இப்ப ரெண்டாவது தேதி. டிராஃப்ட்டுக்குக் கட்-ஆஃப் செப்டம்பர் 15. அந்தத் தேதிக்குள்ள 18 ஆகணும். உங்க பையன் நவம்பர், அப்ப அதே வருஷம் செப்டம்பர் 15-க்குள்ள பொறந்தவங்க போற டிராஃப்ட்டுக்கு அவன் போக மாட்டான், அடுத்த வருஷம்தான் போவான். அதாவது இவ்வளவு நாள் குரூப்லயே சின்னவனா இருந்தவன் டிராஃப்ட் வருஷத்துல பெரியவங்கள்ல ஒருத்தனா ஆயிடுவான், ஜூனியர்ல ஒரு முழு சீசன் கூடக் கிடைக்கும். ஆஸ்டன் மேத்யூஸ் பொறந்தது 1997 செப்டம்பர் 17, ரெண்டே நாள்ல 2015 டிராஃப்ட்டை விட்டார், அந்த வருஷம் சுவிட்சர்லாந்து போயி ஸூரிக் டீம்ல பெரிய ஆளுங்களோட ஆடினார், 2016-ல டொரான்டோ அவரை முதல் பிக்கா எடுத்துச்சு, முதல் ஆட்டத்துலயே 4 கோல். ஒவெச்கினும் செப்டம்பர் 17-தான், 1985. 2003-லயே ஃபுளோரிடா டீம் அவரை எடுக்கப் பாத்தாங்க, நடுவுல வந்த லீப் வருஷ நாளையெல்லாம் சேர்த்தா அவருக்கு வயசு ஆயிடுச்சுன்னு ஒரு கணக்கு சொன்னாங்க, லீக் ஒத்துக்கல.

அந்தப் பக்கம் கட்-ஆஃப்க்கு கொஞ்சம் முன்னாடி பொறந்தவங்கதான் டிராஃப்ட்லயே ரொம்பச் சின்னவங்க. மேத்யூ ஷேஃபர் 2007 செப்டம்பர் 5. காலர்போன் உடைஞ்சு அந்த சீசன்ல ஓ.எச்.எல்-ல ஈரி ஆட்டர்ஸுக்கு 17 ஆட்டம்தான் ஆடினார், அப்படியும் 2025-ல நியூயார்க் ஐலண்டர்ஸ் முதல் பிக்கா எடுத்தாங்க. 17 ஆட்டத்தை வச்சு ஒருத்தரை முதல் இடத்துல வைக்கிற தைரியம் எண்ணைப் பாத்து வராது, அவர் ஸ்கேட் பண்றதைப் பாத்துத்தான் வரும்.

அதனால கோச் சொல்றதை இப்பதைக்கு விடுங்க. பையன் ஐஸை விட்டு ஓடாம பாத்துக்கோங்க, அவனுக்கு ஆட்டத்துல நேரம் கிடைக்கிற டீம் எதுன்னு தேடுங்க. பெரிய டீம்ல பெஞ்ச்ல உக்காந்திருக்கிறதைவிட அது மேல்.

கேள்வி: ஒருத்தன் 100 பாயின்ட் எடுத்திருக்கான், இன்னொருத்தன் 60. ஆனா லிஸ்ட்ல 60 எடுத்தவன் மேல இருக்கான். இது பாரபட்சம்தானே? – கல்லூரி மாணவர்

இருக்கலாம் தம்பி, ஆனா முக்காவாசி நேரம் இல்ல. பாயின்ட்ன்னா கோலும் அசிஸ்ட்டும் (கோலுக்கு வழி பண்ண பாஸ்) சேர்ந்த கணக்கு. அந்த 100 எப்படி வந்துச்சுன்னு பிரிச்சுப் பாருங்க. பவர் ப்ளேல (எதிர் டீம்ல ஆள் குறைஞ்சிருக்குறப்ப) எத்தனை, அஞ்சுக்கு அஞ்சு ஆடும்போது எத்தனை? அசிஸ்ட்ல முதல் அசிஸ்ட் எத்தனை, சும்மா பக்கை (ஐஸ் ஹாக்கியில பந்துக்குப் பதிலா இருக்குற வட்டு) தள்ளிவிட்டு ரெண்டாவது அசிஸ்ட்டா வந்தது எத்தனை? வயசு 19-ஆ 17-ஆ? கூட ஆடுறது யாரு? எந்த லீக்? ஸ்வீடன்ல பெரியவங்க லீக்ல ஒரு ராத்திரிக்கு எட்டு நிமிஷம் ஆடி 10 பாயின்ட் எடுக்குற 17 வயசுப் பையன், ஜூனியர்ல 80 எடுக்குறவனைவிட மேல இருக்கலாம். ஒரு லீக்ல இருந்து என்.எச்.எல்-க்குப் போனவங்க அங்க எவ்வளவு எடுத்தாங்கன்னு பாத்து, லீக்குக்கு லீக் ஒரு மாற்று மதிப்பு போடுற முறை இருக்கு, எண்ணை வச்சு வேலை பாக்குறவங்க எல்லாரும் ஏதோ ஒரு விதத்துல அதைப் பயன்படுத்துறாங்க, நானும் அதுல இருந்துதான் ஆரம்பிப்பேன்.

ஆனா கூட ஆடுறவனை வச்சு ஒருத்தனைக் கழிக்கிறதும் ஆபத்து. அலெக்ஸ் டெப்ரின்கட் ஈரில பெரிய நட்சத்திரமான கானர் மெக்டேவிட் இருந்த டீம்ல 51 கோல் போட்டார். உயரம் அஞ்சு அடி ஏழு அங்குலம்தான், "மெக்டேவிட் போயிட்டா தெரியும்"னாங்க. மெக்டேவிட் என்.எச்.எல்-ல எட்மன்டனுக்குப் போயிட்டார், அடுத்த சீசனும் அதே 51. அப்படியும் 2016-ல 39-வது பிக்லதான் சிகாகோ எடுத்துச்சு, என்.எச்.எல் முதல் சீசன்ல 28, அடுத்ததுல 41. எண்ணும் சொல்லுச்சு, கண்ணும் சொல்லுச்சு, உயரம் ஒண்ணுதான் வேற மாதிரி சொல்லுச்சு. எல்லாரும் அதைக் கேட்டாங்க. உயரத்துக்குக் கொடுக்குற மதிப்பு இன்னும் ஜாஸ்தின்னுதான் நான் நெனைக்கிறேன். பின்னாடி நட்சத்திரமான பிரேடன் பாயின்ட் 79-வது பிக், ஜானி காட்ரோ 104-வது, ரெண்டு பேருமே சின்ன உடம்புக்காரங்க.

கேள்வி: ஸ்கவுட் ரிங்க்ல உக்காந்து என்னதான் பாப்பார்? நானும் அதே ஆட்டத்தைத்தான பாக்குறேன்! – டிக்கெட் எடுத்துப் போய்ப் பாக்குற ஒரு ரசிகை

நீங்க பக்கைப் பாக்குறீங்க, அவர் பக் இல்லாத பையனைப் பாக்குறார். இதுதான் பெரிய வித்தியாசம், மத்ததெல்லாம் அப்புறம்தான்.

பக் தன்கிட்ட வர்றதுக்கு முன்னாடி தோள் மேல திரும்பிப் பாக்குறானா? பாத்தா அவனுக்கு அடுத்து என்ன பண்ணணும்னு முன்னாடியே தெரியும், பாக்காதவன் பக் வந்தப்புறம் யோசிப்பான், ஜூனியர்ல யோசிக்க ஒரு செகண்ட் கிடைக்கும், மேல போனா அது கிடைக்காது. டிஃபென்ஸ்மேன் ஓரத்துல பக்கை எடுக்கப் போறப்ப பின்னாடி ரெண்டு பேரு இடிக்க வர்றாங்க, அவன் பயந்து போர்டுல அடிச்சு வெளிய தள்றானா, இல்ல இடி வாங்கிக்கிட்டு நடுவுல இருக்குற ஆளுக்குப் பாஸ் கொடுக்குறானா? கோல் போட வந்த வாய்ப்பு போச்சு, உடனே திரும்பி ஓடுறானா, இல்ல மேல பாத்துக்கிட்டு நிக்கிறானா? ஷிஃப்ட் முடிஞ்சு பெஞ்சுக்கு வந்தா கோச் பேசுறப்ப எப்படிக் கேக்குறான்? வார்ம்-அப்லயே சீக்கிரம் வந்து உக்காந்துடுவாங்க நல்ல ஸ்கவுட்டுங்க, ஏன்னா ஆட்டத்துல மறைக்கிற ஸ்கேட்டிங் கோளாறு அங்க தெரிஞ்சுடும், இடது பக்கம் திரும்புறப்ப மட்டும் தடுமாறுறவன், பின்னாடி போறப்ப நிமிர்ந்துடுறவன், இந்த மாதிரி.

ஒரு பையனை ஒரு தடவை பாத்துட்டு யாரும் முடிவு பண்றதில்ல. அந்தப் பகுதிக்குன்னு ஒரு ஸ்கவுட் இருப்பார், அவர் சீசன் பூரா பாப்பார். அப்புறம் எல்லாப் பகுதியையும் சுத்துற ஸ்கவுட் வருவார், அவர் வேலை ஒப்பிடுறது, கனடாவோட சஸ்காட்செவன்ல பாத்த பையனையும் ஸ்வீடன்ல பாத்த பையனையும் ஒரே தராசுல வைக்கிறது. நல்ல நாள்ல ஒரு தடவை, மோசமான நாள்ல ஒரு தடவை, சொந்த ரிங்க்ல, வெளியூர்ல, மூணு நாள்ல மூணாவது ஆட்டம் ஆடுறப்ப. ஓ.எச்.எல்-ல 68 ஆட்டம், பஸ்லயே வாழ்க்கை, களைச்சுப்போன பையனைப் பாத்து முடிவெழுதினா அது அவனுக்குச் செய்ற அநியாயம். மேனேஜர், தலைமை ஸ்கவுட் எல்லாரும் ஒரு அறையில உக்காந்து நாள்கணக்கா ஒவ்வொரு பேரையும் மேல கீழ நகர்த்துவாங்க, அங்க சண்டை வரணும், வராட்டி அந்த லிஸ்ட் மேல எனக்கு நம்பிக்கை வராது. "இவனுக்காக நான் நிப்பேன்"னு ஒரு ஸ்கவுட் மேஜையைத் தட்டிச் சொல்றப்பதான் கடைசி ரவுண்டு பிக் எல்லாம் அர்த்தமுள்ளதா ஆகுது.

டெட்ராய்ட்டோட ஐரோப்பிய ஸ்கவுட் ஹோக்கன் ஆண்டர்சன் அப்படி நின்னவர். ரஷ்யாவுல வேற ஒரு டிஃபென்ஸ்மேனைப் பாக்கப் போன இடத்துல ஒல்லியா ஒரு பையன் பக்கைத் திருடிக்கிட்டே இருந்ததைப் பாத்தார். பாவெல் டாட்ஸ்யுக். ரெண்டு டிராஃப்ட்ல யாரும் சீண்டாத ஆளு, 1998-ல 171-வதா எடுத்தாங்க. அடுத்த வருஷம் 210-வது பிக்ல ஹென்ரிக் செட்டர்பெர்க். என்.எச்.எல் சாம்பியன் கோப்பையான ஸ்டான்லி கப்பை 2008-ல ரெண்டு பேரும் சேர்ந்து டெட்ராய்ட்டுக்கு ஜெயிச்சுக் கொடுத்தாங்க. ஆனா டெட்ராய்ட்டுக்கு அவங்க அவ்வளவு பெரிய ஆளா வருவாங்கன்னு நல்லாத் தெரிஞ்சிருந்தா 171 வரைக்கும் காத்திருப்பாங்களா? ஆண்டர்சன் பாத்தது உண்மை, எவ்வளவு தூரம் போவாங்கங்கிறது அவருக்கும் தெரியாது. ரெண்டையும் சேர்த்துச் சொன்னாத்தான் அந்தக் கதை முழுசாகும்.

கேள்வி: கம்பைன்ல புல்-அப் எடுக்க முடியாட்டி ரேங்க் இறங்குமா? – ஜிம்முக்குப் போற 16 வயசுப் பையன்

தம்பி, சாம் பென்னட் 2014 கம்பைன்ல (டிராஃப்ட்டுக்கு முன்னாடி நடக்குற உடல்தகுதிச் சோதனை) ஒரு புல்-அப் கூட எடுக்கல. அந்த வருஷம் வட அமெரிக்க லிஸ்ட்ல அவர்தான் முதல் ஆள், ஊரெல்லாம் பேச்சு. கால்கரி நாலாவதா எடுத்துச்சு. 2025 பிளேஆஃப்ல சிறந்த ஆட்டக்காரருக்கான கான் ஸ்மைத் விருது வாங்கினது அதே பென்னட்தான், ஃபுளோரிடாவுக்காக.

பஃபலோல நடக்குற அந்தக் கம்பைன்ல சைக்கிள் டெஸ்ட், தாவுறது, பிடி பலம் எல்லாம் பாப்பாங்க, ஐஸ் மேல எதுவும் கிடையாது. டீமுக்கு அங்க முக்கியம் டாக்டர் ரிப்போர்ட்டும் இன்டர்வியூவும். புல்-அப் பழகு, நல்லதுதான், ஆனா வாரத்துல ஒரு நாளாவது உன் ஆட்டத்தோட வீடியோவைப் பாத்து நீ எங்க தப்பான இடத்துல நின்னேன்னு எழுதி வை. இன்டர்வியூல "உன் ஆட்டத்துல என்ன சரியில்ல"ன்னு கேப்பாங்க, அப்ப அது உதவும்.

கேள்வி: என் மகள் வகுப்புத் தோழன் கோலி. கோலிகளுக்கு மட்டும் ஏன் ரேங்க் இவ்வளவு தாறுமாறா இருக்கு?

ஏன்னா கோலி முழுசா வளர்றதுக்கு 23, 24, சில சமயம் அதுக்கு மேலயும் ஆகும், 17-ல கணிக்கிறது ரொம்பக் கஷ்டம். டிராஃப்ட் வரலாற்றுலயே முதல் பிக்கா போன கோலிங்க மூணே பேரு: 1968-ல மிஷேல் ப்ளாஸ், 2000-ல ரிக் டிபியட்ரோ, 2003-ல மார்க்-ஆன்ட்ரே ஃப்ளூரி. டிபியட்ரோ போன அதே 2000 டிராஃப்ட்ல பின்னாடி பெரிய கோலியா வந்த ஹென்ரிக் லுன்ட்க்விஸ்ட் 205-வது. அதே மாதிரி ஹெல்லபக் 130-வது, ஷெஸ்டெர்கின் 118-வது. ஜூனியர்ல சேவ் சதவீதம் (வந்த ஷாட்ல எத்தனை தடுத்தான்ங்கிற கணக்கு) கோலியைவிட அவனுக்கு முன்னாடி நிக்கிற டீமைப் பத்தித்தான் நெறைய சொல்லும், மோசமான டீம்ல 40 ஷாட் வாங்குற பையனை அதை வச்சு ஒதுக்காதீங்க.

கேள்வி: கடைசி இடம் வந்தா முதல் பிக் கிடைக்கும்னு டீமுங்க வேணும்னே தோக்குறாங்களா?

ஆட்டக்காரங்க தோக்க மாட்டாங்க, அவங்களுக்கு அது பொழப்பு. நல்ல ஆளுங்களை வித்துட்டு மேனேஜ்மென்ட் டீமைப் பலவீனமாக்குறது நடக்குது, அதைக் கட்டுப்படுத்தத்தான் 1995-ல இருந்து முதல் பிக் யாருக்குன்னு குலுக்கிப் போடுற லாட்டரி. இப்பக் கடைசி டீமுக்கே முதல் பிக் வாய்ப்பு 25.5 சதவீதம்தான், ஆனா மூணுக்குக் கீழ இறங்காது. 2025-ல ஐலண்டர்ஸ் வெறும் 3.5 சதவீதத்துல பத்தாவது இடத்துல இருந்து முதலுக்குத் தாவினாங்க.

கேள்வி: இல்லாத ஒரு ஆளை டிராஃப்ட்ல எடுத்தாங்களாமே, நெஜமா?

நெஜம்தான். 1974-ல போட்டி லீக்கான டபிள்யூ.எச்.ஏ-க்குத் தெரியக்கூடாதுன்னு டிராஃப்ட்டை ரகசியமா போன்லயே நடத்தினாங்க, ரொம்ப நேரம் இழுத்துச்சு. பஃபலோ மேனேஜர் பன்ச் இம்லாக் கடுப்பாகி 11-வது ரவுண்டுல 183-வது பிக்கா "டாரோ சுஜிமோடோ, டோக்கியோ கடானாஸ்"னு ஒரு கற்பனைப் பேரைச் சொல்லிட்டார், லீக்கும் எழுதிக்கிச்சு. இன்னைக்கு ஒரு பையன் எங்க ஆடினாலும் வீடியோ இருக்கு, அப்படி ஒண்ணு இனி நடக்க வழியே இல்ல.

கேள்வி: பையனுக்கு 16. கனடா மேஜர் ஜூனியரா, அமெரிக்க காலேஜா? முன்னாடி ஒண்ணைத் தொட்டா இன்னொண்ணு போயிடும்னாங்க. – ஒரு அப்பா

அது மாறிடுச்சுங்க. முன்னாடி மேஜர் ஜூனியர்ல (ஓ.எச்.எல் மாதிரி லீக்குங்க) ஆடினவங்களுக்கு அமெரிக்க காலேஜ் விளையாட்டை நடத்துற என்.சி.ஏ.ஏ-வோட கதவு மூடிடும், 16 வயசுப் பையன் வாழ்க்கையை அப்பவே முடிவு பண்ணணும், ரொம்பக் கொடுமையான விதி. 2024 நவம்பர்ல அதை மாத்தி, 2025 ஆகஸ்ட் 1-ல இருந்து ரெண்டும் ஆடலாம்னு ஆக்கிட்டாங்க. கவின் மெக்கென்னா மெடிசின் ஹாட்ங்கிற ஊரோட ஜூனியர் டீம்ல ஆடிட்டு பென் ஸ்டேட் காலேஜுக்குப் போனது அப்படித்தான். ஸ்கவுட்டுங்களுக்கு இது புதுத் தலைவலி, ஏன்னா காலேஜ்ல 22, 23 வயசு ஆளுங்களோட ஆடுற பையனோட எண்ணு கொறையும், ஜூனியர்ல இருக்குறவனோட எண்ணு ஏறும், பழைய ஒப்பீடு எதுவும் அப்படியே பொருந்தாது. உங்களுக்கு என் யோசனை: 16, 17-ல நெறைய நேரம் ஐஸ்ல இருக்குற இடம், உடம்பு தயாரானப்புறம் காலேஜ். படிப்புக்கு என்ன உதவின்னு ஜூனியர் கிளப்கிட்ட எழுத்துல வாங்கிக்கோங்க, வாய் வார்த்தை வேணாம்.

கேள்வி: தம்பியை யாருமே எடுக்கல. ஏழு ரவுண்டும் டிவி முன்னாடி உக்காந்திருந்தான். ரெண்டு வாரமா யார்கிட்டயும் பேசல. – ஒரு அக்கா

உங்க கடிதத்தை ரெண்டு மூணு தடவை படிச்சேன். அவன்கிட்ட முதல்ல விதியைச் சொல்லுங்க, பல பசங்களுக்கு அதுவே தெரியல: 18-ல எடுக்கலன்னா அடுத்த வருஷமும் எடுக்கலாம், அதுக்கு அடுத்த வருஷமும் எடுக்கலாம். டேனர் பியர்சனை ரெண்டு டிராஃப்ட்ல யாரும் தொடல, மூணாவதுல, 2012-ல, முதல் ரவுண்டு 30-வது பிக்ல லாஸ் ஏஞ்சலஸ் எடுத்துச்சு. அப்படியும் எடுக்கலன்னா ஃப்ரீ ஏஜென்ட், எந்த டீம்கூடயும் பேசலாம். பின்னாடி என்.எச்.எல்-ல பெரிய ஆளா வந்த மார்ட்டின் சென்ட் லூயி, மார்க் ஜியோர்டானோ, செர்கெய் பாப்ரோவ்ஸ்கி, ஆர்டெமி பனாரின், யாரையும் யாரும் டிராஃப்ட் பண்ணல. இது எல்லாருக்கும் நடக்கும்னு நான் சொல்ல மாட்டேன், நடக்காதவங்கதான் ரொம்ப ஜாஸ்தி. ஆனா கதவு மூடலங்கிறது உண்மை.

உடனே செய்ய வேண்டியது, டீமுங்க நடத்துற டெவலப்மென்ட் கேம்ப்புக்கு எடுக்கப்படாத பசங்களையும் கூப்பிடுவாங்க, அவனோட ஏஜென்ட்டோ ஜூனியர் கோச்சோ கேட்டுப் பாக்கட்டும். கோச்சை விட்டு, ஏன் எடுக்கலன்னு ரெண்டு ஸ்கவுட்கிட்டயாவது நேராக் கேக்கச் சொல்லுங்க, முக்காவாசிப் பேரு மரியாதையா பதில் சொல்வாங்க. இந்த ரெண்டு வாரம் அவன் பேசாட்டி விடுங்க, பக்கத்துல இருங்க.

கேள்வி: அடுத்த வருஷ டிராஃப்ட் பசங்களை இப்பவே பாக்கணும், எங்க ஆரம்பிக்க?

ஆகஸ்ட்ல நடக்குற ஹ்லின்கா-கிரெட்ஸ்கி கப், 18 வயசுக்குள்ள பசங்களுக்கு நாடுகளுக்கு நடுவுல நடக்குற போட்டி. கனடா அங்க தன்னோட நல்ல பசங்களை அனுப்பும், ஆனா அமெரிக்கா தேசியப் பயிற்சித் திட்டத்துல இருக்குற பசங்களை அங்க அனுப்பாது, அதனால அமெரிக்க டீமை அங்க பாத்து எடை போடாதீங்க. அவங்களை ஏப்ரல்ல வர்ற 18 வயசுக்குள்ள உலகப் போட்டியில பாருங்க. அங்க நிலைமை தலைகீழ், கனடா டீம்ல ஜூனியர் பிளேஆஃப்ல தோத்து வெளிய வந்த பசங்கதான் இருப்பாங்க, மத்தவங்க இன்னும் கிளப்புக்கு ஆடிக்கிட்டு இருப்பாங்க.